கைலாசபுரத்துப் பானக அண்டா

சித்திரை முதல் நாள் நம் போன்ற வணிகர்களுக்கு இரட்டைத் திருநாள். வீட்டுக்கு வருஷப் பிறப்பு, கடைக்குப் புதுக்கணக்கு. கணக்குப் புத்தகத்தின் மூலைகளில் மஞ்சள் தடவி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் பக்கத்தில் 'லாபம்' என்று எழுதி, தராசுக்கும் கல்லாவுக்கும் சூடம் காட்டுகிறோம். மஞ்சளும் உப்பும் முதல் விற்பனையாகப் பதிவாகிவிட்டால் அன்றைய கடை வேலை முடிந்தது. அதன் பிறகு ஷட்டரை இறக்கிவிட்டு எங்கள் குடும்பம் முழுவதும் கைலாசபுரத்துக்குக் கிளம்பிவிடும். எங்கள் தங்கை வீடு அங்கேதான். பரீட்சை முடிந்த பிள்ளைகள் ஒரு மாதம் அங்கேயே தங்கிவிடுவார்கள். 1992-ஆம் வருஷத்திலிருந்து இது வழக்கம்.

வெறுங்கையோடு போவதில்லை. ஸ்ரீரங்கத்துப் பெருமாளே தைப்பூசத்தன்று தங்கை சமயபுரம் மாரியம்மனுக்குச் சீர் அனுப்புகிற ஊர் நம் ஊர். மளிகைக்காரர்கள் தங்கைக்குக் கொண்டுபோகும் சீர் மளிகைச் சாமான்தானே! அரைச் சிப்பம் வெல்லம், சுக்கு, ஏலக்காய், வேப்பம்பூ, வருஷத்துக்கு வேண்டிய புதுப்புளி, வற்றலுக்கு ஜவ்வரிசி எல்லாம் வண்டியில் ஏறும். அந்த வெல்லம் தங்கை வீட்டுக்கு மட்டும் அல்ல, தெருவுக்கே போவது. அந்தத் தெருவின் கதையைச் சொன்னால் நம் சங்கத்து அன்பர்களுக்கும் பயன்படும் என்று எழுதுகிறோம்.

சொந்த வீடே இல்லாத ஊர்

திருச்சியிலிருந்து தஞ்சை சாலையில் திருவெறும்பூர்ப் பக்கம் இருப்பது பெல் கொதிகலன் தொழிற்சாலை. செக்கோஸ்லோவாகியா நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு 1965-இல் தொடங்கியது. அதில் வேலை செய்பவர்களுக்காக எழுந்த குடியிருப்புதான் கைலாசபுரம். மரங்கள் அடர்ந்த தெருக்கள், வரிசையாகக் குவார்ட்டர்ஸ் வீடுகள், கடைத்தெரு, பள்ளிக்கூடங்கள் எல்லாம் வளாகத்துக்குள்ளேயே உண்டு.

நம் ஊர்களுக்கும் அந்த ஊருக்கும் ஒரு வித்தியாசம். குவார்ட்டர்ஸில் குடியிருப்பவர் எவருக்கும் அந்த வீடு சொந்தம் இல்லை. வேலை இருக்கும் வரை வீடு, அறுபது வயதில் ஓய்வு பெற்றால் காலி செய்துவிட வேண்டியதுதான். பக்கத்து வீட்டுக்காரர் கேரளாவாக இருப்பார், எதிர்வீடு ஆந்திராவாக இருக்கும், மூன்றாவது வீட்டுக்காரர் பீகாரிலிருந்து வந்திருப்பார். தாத்தா காலத்துப் பழக்கம் என்று சொல்லிக்கொள்ள அங்கே ஒரு தாத்தாவும் இல்லை. அப்படிப்பட்ட இடத்திலும் ஒரு தெருப் பழக்கம் ஐம்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறது என்றால் அதை நாம் கவனிக்க வேண்டும்.

சித்திரை முதல் நாள் அந்தத் தெருவில் நடந்து போனால் ஒரு மளிகைக் கடைக்காரருக்கு வீட்டுக்கு வீடு சரக்கு தெரியும். தமிழர் வீட்டில் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்ந்த பச்சடி, பஞ்சாங்கம் வாசிப்பு. மலையாளி வீட்டில் விஷுக்கணி. கொன்றைப்பூ, கணிவெள்ளரி, அரிசி, கண்ணாடி வைத்து விடியற்காலையில் கண் விழித்ததும் பார்ப்பார்கள், பிள்ளைகளுக்குக் கைநீட்டம் கொடுப்பார்கள். பீகார் வீட்டில் அன்று சத்துமாவும் வெல்லமும் மாங்காயும். கடலையை வறுத்து அரைத்த அந்த மாவு வெயிலுக்குக் குளிர்ச்சி என்பார்கள். தெலுங்கர்கள் யுகாதியை முன்னமே முடித்திருப்பார்கள். ஆனால் ஸ்ரீராம நவமிக்கு அவர்கள் வீட்டிலும் பானகம் உண்டு. பாஷை எத்தனை இருந்தாலும் வாங்குகிற சரக்கு ஒன்றுதான். வெல்லம், மாங்காய், குளிர்ச்சியான ஏதோ ஒன்று. சித்திரை வெயில் எல்லோருக்கும் பொதுவல்லவா!

அண்டா வந்த கதை

தொழிற்சாலை தொடங்கிய காலத்தில் கும்பகோணத்திலிருந்து வேலைக்கு வந்த ஒருவர், கல்யாணச் சீராகக் கிடைத்த பெரிய பித்தளை அண்டாவையும் கொண்டுவந்தார். ஐம்பது லிட்டர் கொள்ளும். குவார்ட்டர்ஸ் வீட்டில் அதை வைக்க இடம் இல்லை. சித்திரை பிறந்த அன்று அதில் பானகம் கரைத்து, தெருமுனை வேப்பமரத்தடியில் ஓலைப்பந்தல் போட்டு, ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருபவர்களுக்கெல்லாம் கொடுத்தார். மறுவருஷம் அது சமயபுரம் தேர் வரை என்று நீண்டது.

சமயபுரம் மாரியம்மன் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் பக்தர்களுக்காகத் தானே பச்சைப் பட்டினி விரதம் இருப்பவள். அந்த நாட்களில் அவளுக்குத் துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் நைவேத்தியம். சித்திரை முதல் செவ்வாய் தேர். மஞ்சள் ஆடை கட்டித் தேருக்கு நடந்து போகிறவர்களுக்குப் பானகமும் நீர்மோரும் கொடுப்பது திருச்சி வட்டாரத்தில் எந்தத் தெருவுக்கும் தெரிந்த தர்மம். ஆகவே கைலாசபுரத்துப் பந்தலும் சித்திரை ஒன்று முதல் அந்தச் செவ்வாய் வரை என்று ஆயிற்று. சில வருஷம் இரண்டு நாளில் முடியும், சில வருஷம் ஏழு நாள் ஓடும்.

அந்த அன்பர் ஓய்வு பெற்றபோது அண்டாவை ஊருக்குத் தூக்கிப்போகவில்லை. எதிர்வீட்டில் வைத்துவிட்டுப் போனார். வாங்கிக்கொண்டவர் அதன் விளிம்பில் தம் பெயரையும் வருஷத்தையும் வெட்டினார். அவர் போகும்போது அடுத்த வீட்டுக்குக் கொடுத்தார். இப்படி 2004-இல் எங்கள் தங்கை வீட்டுக்கு வந்தபோது அது ஐந்தாவது பெயர். வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எங்கள் பொறுப்பு. எலுமிச்சம்பழம், தயிர், விறகு, ஆள் எல்லாம் தெருவின் பொறுப்பு.

அளவு கேட்பவர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். ஐம்பது லிட்டர் பானகத்துக்கு வெல்லம் 10 கிலோ, சுக்குத்தூள் 100 கிராம், ஏலக்காய் 50 கிராம், எலுமிச்சம்பழம் 40, ஒரு சிட்டிகை உப்பு, மிளகளவு பச்சைக் கற்பூரம். வெல்லத்தைத் தனியே கரைத்து இரண்டு முறை வடிகட்ட வேண்டும். நீர்மோருக்குத் தயிர் ஒரு பங்கு என்றால் தண்ணீர் நான்கு பங்கு. புளிப்பு படும் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் களிம்பு ஏறிவிடும். ஈயம் பூசுகிறவர்கள் அருகிவிட்டார்கள். ஆனாலும் வருஷா வருஷம் பங்குனியில் ஆளைத் தேடிப் பிடித்துப் பூசிவிடுவார் மாப்பிள்ளை.

நாங்கள் செய்த பிழை

இனி, மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று.

2006-ஆம் வருஷம் சித்திரை முதல் நாள் வெள்ளிக்கிழமை வந்தது. செவ்வாய் வரை ஐந்து நாள் பந்தல். மூன்றாம் நாள் ஞாயிறு, அன்றைக்கு ஈஸ்டரும் கூட. சர்ச்சுக்குப் போய் வருபவர்கள், லீவு நாளில் வெளியே வந்த பிள்ளைகள் என்று நல்ல கூட்டம். வெயில் தாங்கவில்லை. 'குளிர்ச்சியாக இருந்தால் பிள்ளைகள் இன்னும் ஒரு டம்ளர் குடிப்பார்களே' என்று எங்களுக்குத் தோன்றியது. வண்டியை அனுப்பி ஓர் ஐஸ் தொழிற்சாலையிலிருந்து இரண்டு பாளம் வாங்கிவரச் செய்து, சாக்கோடு உடைத்து அண்டாவில் போட்டோம்.

அன்று இரவே தெருவில் ஏழெட்டு வீடுகளில் வாந்தியும் வயிற்றுப்போக்கும். எங்கள் பையனும் அதில் ஒருவன். பக்கத்து வீட்டு மலையாளிக் குடும்பத்துப் பெண் குழந்தைக்கு ஆறு வயது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த இரண்டு நாளும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. ஐஸ் கொடுத்தவரிடம் போய்க் கேட்டோம். "இது மீன் பெட்டிக்குப் போடற ஐஸுங்க. குடிக்கிறதுக்குன்னு நீங்க சொல்லலையே" என்றார். அவர் மேல் எங்களுக்குக் கோபம் உண்டு. அவராவது கேட்டிருக்கலாம். ஆனால் யோசித்துப் பார்த்தால் நாங்கள்தான் கேட்டிருக்க வேண்டும். கடைக்கு ஒரு மூட்டைத் துவரம்பருப்பு வாங்கினால் குத்தூசி போட்டு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்க்கிறோம். தர்மத்துக்கு வாங்கியதை நாங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பணம் வாங்காமல் கொடுப்பதுதானே என்கிற அலட்சியம் எங்கோ உள்ளே இருந்திருக்கிறது. விலை கொடுத்து வாங்குகிறவர் சரக்கு சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இலவசமாக வாங்கிக் குடிப்பவர் யாரிடம் போய்க் கேட்பார்? அதனால் அங்கேதான் கூடுதல் கவனம் வேண்டும்.

அந்தக் குழந்தை பிழைத்து எழுந்தது. நாங்கள் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றபோது அந்த அம்மாள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. அது எங்களுக்கு இன்னும் பாரமாக இருந்தது. அடுத்த வருஷம் பந்தல் வேண்டாம் என்று தங்கையும் மாப்பிள்ளையும் முடிவு செய்திருந்தார்கள். பங்குனி கடைசியில் அந்த அம்மாளே தங்கை வீட்டுக்கு வந்தார். "முதல் நாள் ராத்திரியே தண்ணி காய்ச்சி ஆற வைக்கலாம் சேச்சி, நான் வந்து நிக்கறேன்" என்றார். சொன்னபடி இரவு பன்னிரண்டு மணி வரை அடுப்பின் பக்கத்தில் நின்றார். மறுநாள் முதல் டம்ளரைத் தம் மகளுக்குத்தான் வாங்கிக் கொடுத்தார். அன்று முதல் அந்தப் பந்தலில் காய்ச்சி ஆறிய தண்ணீர்தான். குளிர்ச்சிக்கு மண்பானையும் ஈரத்துணியும் போதும்.

செட்டிப்பெண்ணுக்குத் தாயானவர்

லீவுக்கு வந்த பிள்ளைகளைச் சித்திரையில் ஒரு நாள் மலைக்கோட்டைக்கு அழைத்துப்போவது எங்கள் வழக்கம். தாயுமானவர் கோயில் சித்திரைப் பெருவிழாவில் 'செட்டிப்பெண் மருத்துவம்' என்ற வைபவம் நடக்கும். நம் வணிகக் குலத்துக் கதை அது. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விடக்கூடாது.

இரத்தினாவதி என்ற வணிகர் வீட்டுப் பெண் சிராப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டாள். பேறுகாலம் நெருங்கியது. காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து புறப்பட்ட அவள் தாய், ஆற்றில் வெள்ளம் கரைபுரண்டதால் அக்கரையிலேயே நின்றுவிட்டாள். பெண் துடித்தாள். சிவபெருமானே அந்தத் தாயின் உருவத்தில் வந்து பிரசவம் பார்த்தார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோதுதான் வந்திருந்தவர் யார் என்று தெரிந்தது. தாயும் ஆனதால் தாயுமானவர். சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டவர்கள் வாழைத்தார் கொண்டுவந்து செலுத்துவார்கள். விழாவன்று பிரசவ மருந்தும் எண்ணெயும் பிரசாதமாகக் கிடைக்கும். பிரசவ மருந்துக்கான சுக்கும் திப்பிலியும் நம் கடைச் சரக்குதான் என்பதை நினைத்தால் நமக்கும் ஒரு பங்கு உண்டு என்று தோன்றும்.

2006-க்குப் பிறகு இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் அடுப்பின் பக்கத்தில் நின்ற அந்த மலையாளத்து அம்மாள்தான் எங்கள் நினைவுக்கு வருகிறார். கைலாசபுரத்தில் எல்லாப் பெண்களின் தாய்வீடும் ஏதோ ஓர் ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது. ஆபத்துக்குத் தாயாக வருவது பக்கத்து வீடுதான்.

அண்டா கைமாறியது

2025-இல் மாப்பிள்ளைக்கு ஓய்வு வயது வந்தது. ஆகவே அந்தச் சித்திரைதான் தங்கை வீட்டுக்குக் கடைசிப் பந்தல். வருஷப் பிறப்பு திங்கட்கிழமை, தேர் மறுநாளே. இரண்டே நாள்.

அண்டாவை யாரிடம் கொடுப்பது? தங்கை மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தாள். எல்லோரும் சின்ன வயதுக்காரர்கள், இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். மறுப்பாக யாரும் பேசவில்லை. "அவ்வளவு பெரிய பாத்திரத்தை எங்க ஆன்ட்டி வைக்கறது?" என்றார்கள். அதுவும் நியாயம்தான். நாங்கள், "கடை குடோனில் இடம் இருக்கிறது, எடுத்துப்போய் வைக்கிறோம். சித்திரைக்குச் சித்திரை வண்டியில் அனுப்பிவிடலாம்" என்றோம்.

தங்கை ஒப்பவில்லை. "வேணாம் அண்ணே. கடைக்கு வந்துட்டா அது கடைச் சாமான் ஆயிடும். தெருவில யார் வீட்டிலயாவது இருக்கணும்" என்றாள். படிப்பில் எங்களைவிடக் குறைந்தவள்தான். ஆனாலும் அவள் சொன்னது சரி என்று அந்த நிமிஷமே பட்டது.

கோடி வீட்டில் ஒடிசாவிலிருந்து வந்த ஓர் இளம் குடும்பம். வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர்கள் தாழ்வாரத்தில் துளசிச்செடிக்கு மேலே ஒரு மண்கலயம் தொங்கும். அதன் அடியில் துளை, சொட்டுச் சொட்டாகத் துளசி மேல் நீர் விழும். ஒழுகுகிற பானையை ஏன் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று எங்கள் பேரப்பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று பந்தலுக்கு வந்த அந்தப் பெண், டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, இதற்கு என்ன பெயர் என்று கேட்டாள். "பானகம்" என்றாள் தங்கை. அந்தப் பெண்ணுக்கு ஒரே சிரிப்பு. அவர்கள் ஊரில் இதே நாள்தான் வருஷப் பிறப்பாம். பெயரே பணா சங்கராந்தி. வில்வப்பழச் சதையைக் கரைத்து வெல்லம், தயிர், வாழைப்பழம், மிளகு சேர்த்துக் குடிக்கும் பானத்துக்குப் 'பணா' என்று பெயர். வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கொடுப்பார்களாம். கோடை முழுவதும் துளசி வாடாமல் இருக்கத்தான் அந்தச் சொட்டுக் கலயமாம். அதுவும் ஒரு தண்ணீர்ப் பந்தல்தான்!

மறுநாள், தேரன்று, தன் வீட்டில் கரைத்த வில்வப்பழப் பணாவை ஒரு குடத்தில் கொண்டுவந்து நம் பானகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். மதியத்துக்குள் குடம் காலி. மாலையில் தங்கையிடம், "ஆன்ட்டி, அண்டா எங்க வீட்டுல வைக்கலாமா?" என்று கேட்டாள். தங்கைக்குக் கண் கலங்கிவிட்டது.

குடி பெயரும் முன்பு அண்டாவைத் திருச்சிக்குக் கொண்டுவந்து பாத்திரக் கடையில் பெயர் வெட்டிக் கொடுத்தோம். எந்த எழுத்தில் என்று கேட்டோம். "மத்த பேரெல்லாம் எப்படி இருக்கோ அப்படியே" என்றாள். தமிழிலேயே வெட்டினோம். ஆறாவது பெயர்.

நம் கடைகளுக்கு

இதனால் வியாபாரம் பெருகியதா என்று அன்பர்கள் கேட்கலாம். உண்மையைச் சொன்னால், பானகம் கொடுத்ததால் ஒரு மூட்டை கூடுதலாக விற்றோம் என்று எங்கள் கணக்கில் எங்கும் இல்லை. ஆனால் 2006-இல் அவ்வளவு பெரிய பிழை செய்தும் அந்தத் தெரு எங்களைத் தள்ளிவைக்கவில்லை. அதற்கு முன்பு பதினான்கு வருஷம் அங்கே நின்று கொடுத்த பழக்கம்தான் அதற்குக் காரணம். இன்று செல்போனில் சொன்னால் வெல்லம் வாசலுக்கு வந்துவிடுகிறது. அந்த வெல்லம் கெட்டிருந்தால் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது என்று வாங்கியவருக்குத் தெரியாது. நம் சரக்கு கெட்டால் எங்கே வரவேண்டும் என்று தெருவுக்குத் தெரியும். அந்தப் பொறுப்பை ஏற்கிறவரைதான் நாம் மளிகைக் கடைக்காரர்.

வரும் கோடையில் பந்தல் போடும் அன்பர்களுக்கு அனுபவத்தில் சில வார்த்தைகள்:

1. தண்ணீரைக் காய்ச்சி ஆற வையுங்கள். ஐஸ் கட்டாயம் வேண்டும் என்றால் குடிக்கத்தக்கது என்று கேட்டு, தெரிந்து வாங்குங்கள். சாப்பாட்டுக்கு உதவாத ஐஸுக்கு நீல நிறம் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் உணவுப் பாதுகாப்புத் துறை சொல்லியிருக்கிறது. நீலம் கண்டால் தொடாதீர்கள்.

2. விற்காமல் நின்ற வெல்லத்தைப் பானகத்துக்குத் தள்ளாதீர்கள். வெளேரென்று மஞ்சளாக மின்னும் வெல்லமும் வேண்டாம், அது பெரும்பாலும் ஹைட்ரோஸ் போட்டு வெளுத்தது. நம் வீட்டுக்கு எடுப்பதையே கொடுப்போம். பிறர் பொருளையும் தம் பொருள்போல் பேணுவதே வாணிகம் என்பது வள்ளுவர் வாக்கின் பொருள்.

3. பிளாஸ்டிக் டம்ளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை. எவர்சில்வர் டம்ளரும், கழுவ இரண்டு வாளித் தண்ணீரும் வையுங்கள்.

4. பந்தலைவிடப் பெரிதாகக் கடைப் பெயரைக் கட்டாதீர்கள். அந்தச் செலவை விளம்பரக் கணக்கில் எழுதாமல் மகமைக் கணக்கில் எழுதுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று நம் பெரியவர்கள் மகமை ஒதுக்கியது இதற்காகத்தான்.

5. பிள்ளைகளை நிற்க வையுங்கள். டிவி, செல்போன் முன்னால் போகிற லீவில் இரண்டு நாள் டம்ளர் கழுவட்டும். வாங்கிக் குடிப்பவர் முகத்தைப் பார்த்துக் கொடுக்கப் பழகிய பிள்ளைக்கு நாளை கல்லாவில் உட்காரும் தொழில் தானாக வரும்.

மே 5 வணிகர் தினத்துக்குக் கடைகளை அடைத்துவிட்டு நாம் ஒன்று கூடுகிறோம். அதற்கு மூன்று வாரம் முன்பே சித்திரை பிறந்துவிடுகிறது. நம் உரிமைகளைப் பேச ஒரு நாள் ஒதுக்குவதுபோல, தெருவுக்காகவும் ஒரு நாள் ஒதுக்குவோம். அண்டா பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு குடம் போதும்.

மாப்பிள்ளையும் தங்கையும் இப்போது திருச்சியில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். கைலாசபுரத்தில் எங்களுக்கு இனி வீடு இல்லை. ஆனால் வெல்லமும் சுக்கும் ஏலக்காயும் எங்கள் பொறுப்பு என்பதில் மாற்றம் இல்லை. எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று அந்த ஒடிசாப் பெண்ணிடம் போனில் கேட்டோம். "பத்துக் கிலோ அண்ணா. அப்புறம் வில்வப்பழம் கிடைக்குமா?" என்றாள். எங்கள் கடையில் இதுவரை விற்றிராத சரக்கு. தேடிக்கொண்டிருக்கிறோம்.